தங்கை போட்ட வாக்கு

பேர்ணடெற்றிடம் ஒரேயொரு வாக்கு இருந்தது. ஐரோப்பிய ஒன்றியத்தில் இருப்பதா விலகுவதா என்று பிரித்தானியா தன் சனத்தைக் கேட்ட 2016 ஆனி மாதத்தில், அவளும் வரிசையில் நின்று அதைப் போட்டாள். போட்டது அவளுடைய கை. எதற்குப் போடவேண்டும் என்று சொன்னது, மூவாயிரத்தைந்நூறு மைலுக்கு இந்தப் பக்கம், கனடாவின் ரொறன்ரோவில், ஸ்காபரோ மோர்னிங்சைட் மீன்கடை ஒன்றில் அறக்குளா வெட்டிக்கொண்டிருந்த அவளுடைய அண்ணன் அகஸ்ரின்.

அகஸ்ரின் பிரித்தானியாவில் வாழ்ந்தவர் இல்லை. ஹீத்ரோவில் ஒருமுறை ஆறு மணித்தியாலம் விமானத்துக்குக் காத்திருந்தார், அவ்வளவுதான். பிறகு இவருக்கென்ன அந்த வம்பு என்று யாரும் கேட்கலாம். மனைவி தவமணி கேட்டும் பார்த்தாள். "இஞ்சாருங்கோ, அவங்கட நாட்டுப் பிரச்சினை அவங்களோட. உங்களுக்கேன் உந்த வேலை?" மனுசன் காதில் வாங்கினால்தானே. கடல் என்ற சொல் எங்கேயாவது விழுந்தால் போதும், அவருடைய கத்தி நின்றுவிடும், வாய் ஓடத் தொடங்கிவிடும். கடை முதலாளி நவரட்ணம் பொறுமைசாலி. "அண்ணை, முதல் மீனை வெட்டுங்கோ, அரசியலைப் பிறகு வெட்டுவம்" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விடுவார்.

அந்த வாய்க்குப் பின்னால் ஒரு வயிற்றெரிச்சல் இருந்தது. வடமராட்சிக் கரையில் ஒரு சின்ன இறங்குதுறை அவருடைய ஊர். சண்டைக் காலத்தில் கடற்படை கடலுக்குப் போகாதே என்றது, போகவில்லை. சண்டை முடிந்து போகலாம் என்றார்கள். ஆசை ஆசையாய் வலை வாங்கிப் போட்டார். அப்போது வந்தன இந்திய றோலர்கள், கடலின் அடியை வழித்துக்கொண்டு போகும் பெரிய இழுவைப் படகுகள். 2010இல் ஒரு விடியற்காலை வலை வலிக்கப் போனவருக்கு மிதப்புக் கட்டைகள் மட்டும்தான் மிஞ்சியிருந்தன. வலை முழுவதும் றோலரோடு போய்விட்டது. கடற்றொழில் கந்தோருக்குப் போனார். கடற்படையிடம் போ என்றார்கள். கடற்படை கொழும்பைக் காட்டியது. கொழும்பு டெல்லியோடு கதைக்கிறோம் என்றது. கதைத்தார்கள், கதைத்தார்கள், கதைத்துக்கொண்டே இருந்தார்கள். அடுத்த வருடம், கனடாவில் இருந்த மனைவி தவமணி ஸ்பொன்சர் செய்ய அகஸ்ரினும் இங்கே வந்துவிட்டார்.

வலை போனதை அவர் ஒருவாறு தாங்கிக்கொண்டார். வந்து ஒரு வார்த்தை சொல்லவில்லையே என்பதைத்தான் அவரால் தாங்க முடியவில்லை. அவருடைய துறையில் ஒரு வழக்கம் இருந்தது. இருட்டில் தெரியாமல் ஒருவனுடைய வலையை அறுத்துவிட்டால், அறுத்தவன் அடுத்தமுறை தொழிலுக்கு இறங்குமுன் வலைக்காரன் வீட்டு வாசல் படலையில் போய் நின்று "உன்ர வலையை அறுத்தது நான்" என்று சொல்லவேண்டும். சொல்லிவிட்டால் சரி. மற்றவன் அவனை உள்ளே கூப்பிட்டுத் தேத்தண்ணி கொடுக்கவேண்டும். அதற்குமேல் அந்தக் கதையை எடுக்கக் கூடாது. சொல்லாமல் மறைத்தவனோடு ஒருவரும் முகம் கொடுத்துக் கதைக்க மாட்டார்கள். அகஸ்ரினுக்கு வேதப்புத்தகத்தில் எழுதிய சட்டத்தைவிட இந்தச் சட்டம் பெரிது.

இனித் தங்கையின் கதைக்கு வருவோம். தாயும் தகப்பனும் ஒரே வருடத்தில் அடுத்தடுத்துப் போனபோது பேர்ணடெற்றுக்கு வயது ஆறு, அகஸ்ரினுக்கு இருபது. கடலால் வந்து, கையில் மீன் மணம் போகக் கழுவிவிட்டு, அவளுக்குத் தலை இழுத்துப் பின்னிப் பள்ளிக்கூடம் அனுப்பியது அவர்தான். அவளைக் கரைசேர்க்காமல் தனக்கொரு கலியாணம் வேண்டாம் என்று நாற்பத்தைந்து வயதுவரை இருந்தார். சமாதான காலத்தில், 2004இல், பிரியந்தன் ஊருக்கு வந்து அவளைக் கட்டினான். சின்ன வயதிலேயே பாரிசுக்குப் போய் வளர்ந்து, பிரெஞ்சுப் பாஸ்போட் எடுத்து, இங்கிலாந்தில் தொழில் பார்த்துக்கொண்டிருந்த பொடியன். தங்கமான பொடியன். அதில் ஒருவரும் ஒரு குறை சொல்ல முடியாது.

பேர்ணடெற் இங்கிலாந்து போயும் அண்ணனைக் கேட்காமல் ஒன்றும் செய்ய மாட்டாள். மகள் நிலாணிக்குப் பெயர் வைத்ததும் அண்ணன்தான். சலவை மெசின் வாங்குவதென்றாலும் ரொறன்ரோவுக்கு ஒரு போன் கோல் வரும். "அண்ணா, முன்னால திறக்கிறதோ, மேல திறக்கிறதோ? நீங்கள் என்ன சொல்லுறியள்?" அகஸ்ரின் ஏதோ சலவை மெசின் கண்டுபிடித்தவர் மாதிரி யோசித்து, தொண்டையைச் செருமி, ஒரு முடிவு சொல்லுவார். தவமணிக்குச் சிரிப்பு வரும். ஆனால் அவருக்கு அந்தக் கோல்கள்தான் உயிர். வேறு பிள்ளை அவருக்கு இல்லை.

பிரியந்தனுடைய தொழில் நண்டு. இங்கிலாந்தின் தென்கரையில் ஒரு சின்னத் துறைமுக ஊரில் வீடு எடுத்து, அங்கே சின்னப் படகு வைத்திருந்தவர்களிடம் உயிர் நண்டு வாங்கி, ஈரச் சாக்குப் போட்டு மூடி, கிழமைக்கு இரண்டு தரம் வான் வண்டியில் ஏற்றிக்கொண்டு கப்பலால் பிரான்சுக்குப் போவான். பாரிசில் லா சப்பல் தமிழ்க் கடைகளில் இறக்கும்போது நண்டு கையைக் கடிக்கும். அந்தக் காலத்தில் எல்லையில் ஒருவரும் வானை மறித்து என்ன ஏது என்று கேட்டதில்லை. வெள்ளிக்கிழமை பின்னேரம் லா சப்பல் சனம் அவனுடைய வானைப் பார்த்துக்கொண்டு நிற்கும்.

வாக்கெடுப்பு வந்தபோது பிரியந்தனுக்கு வாக்கு இல்லை. பிரெஞ்சுப் பாஸ்போட்காரன் அதில் போட முடியாது. பேர்ணடெற்றிடம் இருந்ததோ பழைய இலங்கைப் பாஸ்போட். இலங்கை பொதுநலவாய நாடு, ஆகவே அவளுக்கு வாக்கு இருந்தது. பன்னிரண்டு வருடமாய் அந்தக் கரையில் நண்டோடு மாரடிக்கிறவனுக்கு உரிமை இல்லை, தவறிப்போய் மாற்றாமல் விட்ட பாஸ்போட்டுக்கு உரிமை இருக்கிறது. சட்டம் என்றால் அப்படித்தான் இருக்கும் போல. பிரியந்தன் சிரித்துக்கொண்டு மனைவியிடம் சொன்னான்: "எனக்கும் சேர்த்து நீர்தான் போடவேணும். இருக்கிறது எண்டு போடும். எல்லையை மூடினா என்ர வான் ஓடாது."

அதே கிழமை அகஸ்ரின் போனில் ஒரு வீடியோ பார்த்தார். லண்டன் ஆற்றில் மீன்பிடிப் படகுகள் வரிசை வரிசையாய்ப் போகின்றன. முகம் சிவந்த ஒரு கிழட்டு மீனவன், எங்கள் கடலை எங்களிடம் தா என்கிறான். அகஸ்ரினுக்கு ஆங்கிலம் அரைகுறை. ஆனால் அவன் சொன்னதில் ஒரு சொல்லும் தவறவில்லை. தான் கடற்படைக்கும் கொழும்புக்கும் சொல்லித் தொண்டை வறண்ட அதே கதையை ஒரு வெள்ளைக்காரன் சொல்கிறான். கண் கலங்கிவிட்டது மனுசனுக்கு. வீடியோவைப் பதினொரு பேருக்கு அனுப்பினார். பிறகு தங்கைக்குக் கோல் எடுத்தார்.

"பிள்ளை, விலகிறதெண்டு போடு."

"அண்ணா, இவர் மற்றமாதிரி எல்லே சொல்லுறார்."

"அவன் பாரிசில வளந்தவன். கடல் பறிபோனா என்னெண்டு அவனுக்குத் தெரியாது. உனக்குத் தெரியும். மிதப்புக் கட்டையை மட்டும் தூக்கிக்கொண்டு நான் வீட்ட வந்தது மறந்துபோச்சோ?"

அவள் மறக்கவில்லை. அந்த நாளில் அவள் இங்கிலாந்தில் இருந்தாள். போனில் அண்ணன் அழுததைக் கேட்டவள். அண்ணன் அழுததை அவள் கேட்டது வாழ்நாளில் அந்த ஒருமுறைதான்.

வாக்குப் போட்ட அன்று பின்னேரம் அவளே எடுத்தாள். குரலில் களவு செய்த பிள்ளையின் சிரிப்பு. "நீங்கள் சொன்ன மாதிரியே போட்டிட்டன். இவருக்குச் சொல்லிப்போடாதேங்கோ அண்ணா. இருக்கிறதுக்குத்தான் போட்டனெண்டு சொல்லி வைச்சிருக்கிறன்." அகஸ்ரினும் சிரித்தார். "நான் ஏன் சொல்லுறன்" என்றார். பெண்சாதிமார் புருசன்மாருக்குச் சொல்லும் ஆயிரம் சின்னப் பொய்களில் அதுவும் ஒன்று என்று அவர் எடுத்துக்கொண்டார்.

விலகுவதே வென்றது. அடுத்தநாள் காலை கடைக்கு வந்தவர்களுக்கெல்லாம் அகஸ்ரின் தன் கைக்காசில் சுடச்சுடப் பற்றீஸ் வாங்கிக் கொடுத்தார். எதற்கு என்று கேட்டவர்களுக்கு, ஒருவனுக்கென்றாலும் கடல் திரும்பிக் கிடைத்திருக்கிறது என்றார். முரளி என்றொரு வாடிக்கையாளர், சென்னைப் பொடியன், கொம்பியூட்டர் வேலை, கையில் பற்றீசை வைத்துக்கொண்டு கேட்டான்: "கடலுக்கு ஏதுண்ணே கோடு? மீன் பாஸ்போர்ட் காட்டிட்டா வருது?"

"மீனுக்குக் கோடில்லைத் தம்பி. வலைக்கு இருக்கு. அங்க பார், அந்தப் பெட்டியிலை இந்தியா எண்டு ஒட்டியிருக்கு. உள்ளுக்க கிடக்கிறது என்ர கடல் மீன்."

"வாசனையிலயே தெரியுதாக்கும்" என்று முரளி சிரித்தான். அகஸ்ரினும் சிரித்து, அவனுக்கு மீன்தலை ஒன்று சும்மா போட்டுக் கொடுத்தார். அன்று அவர் யாரோடும் சண்டை பிடிக்கிற நிலையில் இல்லை. அவ்வளவு சந்தோசம்.

சந்தோசத்துக்கு நாலரை வருட ஆயுள் இருந்தது. விலகுகிறோம், விலகுகிறோம் என்று இழுத்தடித்து, கடைசியில் 2021 தை மாதம் கதவு உண்மையாகவே மூடியது. பிரியந்தன் வழக்கம்போல நண்டை ஏற்றிக்கொண்டு போனான். சுங்கப் படிவம் எங்கே என்றார்கள். மிருக வைத்தியர் பார்த்துக் கையெழுத்து வைத்த பத்திரம் எங்கே என்றார்கள். ஓடித் திரிந்து அதையும் எடுத்து அடுத்த தரம் போனால், ஒரு பெட்டியின் எண் பத்திரத்தில் பிழையாய் விழுந்திருக்கிறது என்று துறைமுகத்தில் இரண்டு நாள் மறித்து வைத்தார்கள். அங்கிருந்தே அகஸ்ரினுக்குக் கோல் எடுத்தான்.

"அண்ணை, சாக்கைத் தூக்கிப் பாத்தன். ஒண்டும் அசையேல்லை."

நண்டு செத்தால் எப்படி மணக்கும் என்று அகஸ்ரினுக்குத் தெரியும். கத்தியை வைத்துவிட்டுக் குளிரறைக்குள் போய் நின்றார். "எந்த நாய்கள் இதுக்கு வோட்டுப் போட்டதோ தெரியாது அண்ணை. அவங்கட வீட்டிலை அடுப்பெரியக் கூடாது" என்றான் பிரியந்தன். அகஸ்ரின் "ஓம் தம்பி" என்றார். அந்த ஒரு "ஓம்" அவருடைய நெஞ்சில் ஏறி உட்கார்ந்துகொண்டது.

அந்த வருடம் முழுக்க அவன் முட்டி மோதிப் பார்த்தான். படகுக்காரருக்கும் விடிவு வரவில்லை. கடல் எங்களுடையது என்று கத்தியவர்களின் நண்டை வாங்க ஆளில்லை. கிடைக்கும் கிடைக்கும் என்று சொல்லப்பட்ட மீனும் சின்னப் படகுகளுக்குக் கிடைக்கவில்லை. ஐப்பசியில் பிரியந்தன் வானை விற்றுவிட்டு, பாரிசில் ஒரு மீன்கடையில் வேலைக்குப் போனான். மாதத்துக்கு இரண்டு சனி ஞாயிறு வீட்டுக்கு வருவான். நிலாணிக்குப் பள்ளிக்கூடத்தில் பெரிய சோதினை வருகிறது, அதனால் தாயும் மகளும் அங்கேயே இருந்தார்கள்.

ஒவ்வொரு ஞாயிறும், வீட்டுக்குப் போனாலும் திரும்பி வந்து, தன் பாரிஸ் அறையிலிருந்து பிரியந்தன் அகஸ்ரினுக்குக் கோல் எடுப்பான். ரொறன்ரோவில் மத்தியானம், பாரிசில் பின்னேரம். 2022 சித்திரையில் ஒருநாள் அவன் சொன்னான்: "அண்ணை, அன்ட்ரூ வந்தவன்." அன்ட்ரூ என்பவன் அவனுக்குப் பன்னிரண்டு வருடம் நண்டு கொடுத்த படகுக்காரன். "வீட்டு வாசல்ல நிண்டு, தொப்பியைக் கழட்டிப்போட்டுச் சொன்னான், விலகிறதுக்குப் போட்டது தானாம். உன்ர சோத்திலை மண் போட்டிட்டன், மன்னிச்சுக்கொள் எண்டான்."

"நீ என்ன செய்தனீ?"

"என்ன செய்யிறது. உள்ளுக்குக் கூப்பிட்டன். பேர்ணடெற் தேத்தண்ணி குடுத்தவ. ஏனோ தெரியேல்லை, எனக்குக் கோவமே வரேல்லை அண்ணை. நேர வந்து சொன்னான் பாருங்கோ."

அகஸ்ரின் கதிரையை விட்டு எழும்பினார். தன் துறையில் அரைவாசிப் பேர் மறந்துவிட்ட வழக்கத்தை எங்கேயோ ஒரு வெள்ளைக்காரன் செய்து காட்டிவிட்டான். தான்? தான் ஒன்றேகால் வருடமாய் ஓம் தம்பி, ஓம் தம்பி என்று கேட்டுக்கொண்டிருக்கிறார். றோலர்காரனுக்கும் தனக்கும் என்ன வித்தியாசம் என்று யோசித்தார். அந்தக் கிழமை முழுக்க அவருக்குச் சோறு இறங்கவில்லை. மீனைக் குழம்புக்கு வெட்டச் சொன்னவர்களுக்குப் பொரியலுக்கு வெட்டிக் கொடுத்து ஏச்சு வாங்கினார்.

பிரியந்தனிடம் எல்லாவற்றையும் சொல்லப்போவதாய்த் தவமணியிடம் சொன்னார். அவள் கேட்ட கேள்வி ஒன்றுதான்: "தங்கச்சியைக் கேட்டனீங்களோ?"

"கேட்டிட்டன்" என்றார் அகஸ்ரின். கேட்கவில்லை. கேட்டால் வேண்டாம் என்பாள் என்று அவருக்குத் தெரியும்.

ஞாயிறு பூசை முடிந்து வந்து, உடுப்பும் மாற்றாமல் கதிரையில் நிமிர்ந்திருந்துகொண்டு இந்தமுறை அவரே கோல் எடுத்தார். "தம்பி, உன்ர வலையை அறுத்தது நான்" என்றார்.

"என்ன வலை அண்ணை?" என்றான் பிரியந்தன். பாரிசில் வளர்ந்தவனுக்கு அந்த வழக்கம் எங்கே தெரியும்?

அகஸ்ரின் எல்லாவற்றையும் சொன்னார். வீடியோவைச் சொன்னார், கோல் எடுத்ததைச் சொன்னார், தான் சொல்லித்தான் பேர்ணடெற் விலகுவதற்குப் போட்டாள் என்று சொன்னார். பிழை முழுக்கத் தன்னுடையது, அவள் சின்னப்பிள்ளை மாதிரி, அண்ணன் சொன்னதைச் செய்தாள், அவ்வளவுதான் என்றார்.

"அவ எனக்கு மற்றமாதிரி எல்லே சொன்னவ" என்றான் பிரியந்தன்.

"அது நீ ஏசுவாய் எண்ட பயத்திலை தம்பி. சின்ன விசயம்."

"அண்ணை, நண்டு செத்த அண்டைக்கு வீட்ட போய் நான் அவவுக்கு முன்னால இருந்து அழுதனான். வோட்டுப் போட்டவங்களை நான் திட்டாத திட்டில்லை. ஒருநாள் ரெண்டு நாளில்லை, ஒரு வருசம். அவ ஓம் ஓம் எண்டு கேட்டுக்கொண்டு சாப்பாடு போட்டவ. அன்ட்ரூ வந்து சொல்லேக்கையும் பக்கத்திலைதான் நிண்டவ. அப்பவும் வாய் திறக்கேல்லை."

"நீங்கள் சொன்னது நல்லது அண்ணை. உங்களிலை எனக்கு ஒரு கோவமும் இல்லை" என்று சொல்லி அவன் போனை வைத்தான்.

இதில் வெட்கக்கேடான பகுதி என்னவென்றால், அகஸ்ரினுக்கு அன்று பசி எடுத்தது. தவமணி சமைத்த நண்டுக் குழம்பை இரண்டாம் தரமும் வாங்கிச் சாப்பிட்டார். பொடியன் மன்னித்துவிட்டான் என்று அவளுக்குச் சொன்னார். சொல்லவேண்டியதைச் சொன்னவனுக்கு வரும் நித்திரை அன்று பின்னேரமே வந்தது.

அடுத்த சனி பிரியந்தன் வீட்டுக்குப் போகவில்லை. வேலை கூட என்றான். அதற்கடுத்த முறையும் போகவில்லை. ஒரு மாதம் போக நிலாணியிடமிருந்து மெசேஜ் வந்தது: மாமா, அப்பாட்ட என்ன சொன்னீங்க? அம்மா சாப்பிடுறேல்ல. அகஸ்ரின் அதைக் கடைக்குள் நின்று வாசித்தார். மீன் வாங்க வந்த மனுசி, அண்ணை உங்களுக்கென்ன முகம் வெளிறிப்போச்சு என்று கேட்டாள்.

பேர்ணடெற் அன்று பின்னேரம் எடுத்தாள். ஏசவில்லை. ஏசியிருந்தால் அவர் தாங்கியிருப்பார்.

"நான் அவருக்குச் சொல்லத்தான் இருந்தனான் அண்ணா. எத்தினையோ நாள் வாய் வரைக்கும் வந்தது. பிள்ளையின்ர சோதினை முடியட்டும், நானே பாரிசுக்குப் போய்ச் சொல்லுவம் எண்டு நினைச்சுக்கொண்டிருந்தன். என்ர வாயால நான் சொல்லியிருந்தா, ஏசியிருப்பார், அடுத்தநாள் சாப்பிட்டிருப்பார். நீங்கள் முந்திச் சொன்னதாலை, நான் சொல்லாமல் இருந்ததும் ரெண்டாம் பொய்யாய்ப் போச்சு. அண்ணனும் தங்கச்சியும் சேந்து தன்னை விசரனாக்கிப்போட்டினமாம்."

"என்னிலை கோவமில்லை எண்டவனே."

"உங்களிலை இல்லைத்தான். நீங்கள் சொல்லிட்டியள் எல்லே. சொல்லாமல் விட்டது நான்தானே." கடைசியாய், "என்னட்டை ஒரு சொல்லுக் கேட்டிருக்கலாம் அண்ணா" என்றாள். பிறகு வைத்துவிட்டாள்.

அதற்குப் பிறகு கோல் வரவில்லை. வைகாசி, ஆனி, ஆடி. அகஸ்ரின் எடுத்தாலும் அடித்து அடித்து ஓயும். ஆனால் பிரியந்தன் மட்டும் ஒவ்வொரு ஞாயிறும் மத்தியானம் தவறாமல் எடுத்தான். வேலைக் கதை, பாரிஸ் மழைக் கதை, லா சப்பலில் நண்டு என்ன விலை என்ற கதை எல்லாம் கதைப்பான். அகஸ்ரினோடு முன்னரைவிட ஒட்டுதலாகவே இருந்தான். பேர்ணடெற் என்ற பெயரை மட்டும் எடுக்கமாட்டான். அகஸ்ரின் எடுத்தால், "அதை விடுங்கோ அண்ணை" என்று மெல்லச் சொல்லுவான். ஒருமுறை அகஸ்ரின் விடாமல் கெஞ்சினார். நான் காலில் விழுகிறேன், வீட்டை போ என்றார். அவன் கோபப்படவில்லை. "அந்த வீட்டிலை போயிருந்தா, இவ எதுக்கு ஓம் எண்டுறா, எதுக்கு இல்லை எண்டுறா எண்டு பாத்துக்கொண்டே இருப்பன் அண்ணை. என்னால ஏலாது" என்றான். அவன் சொன்னதில் பிழை இருப்பதாய் அகஸ்ரினுக்குத் தெரியவில்லை. அதுதான் அவரை இன்னும் நொறுக்கியது. தான் அறுத்தது வேறு எதையோ என்று அப்போதுதான் அவருக்கு முழுதாய் விளங்கியது.

புரட்டாதியில் ஒரு ஞாயிறு, பிரியந்தன் வைத்துக் கொஞ்சநேரத்தில், பேர்ணடெற் எடுத்தாள். எத்தனை மாதத்துக்குப் பிறகு.

"இப்ப அவர் உங்களோட கதைச்சவரே?"

"ஓம் பிள்ளை."

"சாப்பிடுறாராமோ?"

"சாப்பிடுறானாம்."

"இருமல் சத்தம் கேட்டதோ?"

"இல்லைப் பிள்ளை. நல்லாய்த்தான் கதைச்சவன்."

"சரி அண்ணா." வைத்துவிட்டாள்.

அன்றிலிருந்து ஒவ்வொரு ஞாயிறும் இதுதான். அவன் எடுத்து வைக்க, அவள் எடுப்பாள். சாப்பாடு, இருமல், குளிருக்கு உடுப்பு வாங்கினாரோ. கட்டின புருசன் எப்படி இருக்கிறான் என்று மூவாயிரத்தைந்நூறு மைல் தாண்டி அண்ணனைக் கேட்கிறாள். அவனோ அவளுக்கு அருகில், கடலுக்கு அந்தப் பக்கத்தில் இருக்கிறான். ஒருநாள் தவமணி பக்கத்தில் இருந்து இதைக் கேட்டுவிட்டு எழும்பிப் போய்க் குசினிக்குள் நின்று அழுதாள். அகஸ்ரின் ஒவ்வொரு கேள்விக்கும் உள்ளதை உள்ளபடி சொல்லிக்கொண்டு வந்தார். இனி இந்தப் பிள்ளையிடம் ஒரு சொல்லும் கூட்டவோ குறைக்கவோ கூடாது என்று மாதாவின் படத்துக்கு முன்னால் சத்தியம் பண்ணியிருந்தார்.

கார்த்திகை கடைசியில், ரொறன்ரோவில் முதல் பனி கொட்டிய ஞாயிறு, அவள் வழக்கமான மூன்று கேள்வியையும் கேட்டு முடித்தும் போனை வைக்கவில்லை.

"அண்ணா."

"சொல்லு பிள்ளை."

"அவர் என்னைப்பற்றி ஏதும் கேட்டவரோ?"

கேட்கவில்லை. அன்று முக்கால் மணித்தியாலம் கதைத்தான். கடையில் புதிதாய் வந்த ஐஸ் மெசினைப் பற்றிக்கூடச் சொன்னான். ஒரு சொல் அவளைப்பற்றிக் கேட்கவில்லை. அகஸ்ரின் வாயைத் திறந்தார். ஆறு வயதில், தலை பின்னி முடியும்வரை அசையாமல் இருந்துவிட்டு, வடிவாய் இருக்கோ அண்ணா என்று கேட்ட பிள்ளை இது.

"ஓம். கேட்டவன்" என்றார்.

"என்னெண்டு கேட்டவர்?"

"சுகமாய் இருக்கிறாவோ எண்டு."

"அவ்வளவுதானோ?"

"குளிருக்கை கவனமாய் இருக்கச் சொன்னவன்."

பேர்ணடெற் சிரித்தாள். எட்டு மாதத்தில் முதல் சிரிப்பு. சிரிப்போடு அழுகையும் வந்து, மூக்கை உறிஞ்சிக்கொண்டு ஏதேதோ சொன்னாள். அவருடைய சேட்டுகள் எல்லாம் தோய்த்துத்தான் கிடக்கிறது, அயன் பண்ணி வைக்கிறேன் என்றாள். நிலாணியின் அறையை மாற்றவேண்டும் என்றாள். அகஸ்ரின் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். நிறுத்து பிள்ளை என்று சொல்ல வேண்டும்.

"அப்ப நத்தார்ப் பண்டிகைக்கு வருவார் போலை" என்றாள் பேர்ணடெற். "என்னண்ணா, நீங்கள் என்ன சொல்லுறியள்?"

"வருவான்" என்றார் அகஸ்ரின்.